புது ஒயின் திறந்தால்: இளமை எது, பழுது எது? கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

புது ஒயின் ஒன்றைத் திறந்து முதல் வாய் பருகியதும் நம் பக்கத்தில் அநேகமாக வரும் சொல், "புளிக்குதுங்க." அடுத்தது, "தொவர்க்குதுங்க." இரண்டுமே சரியான கவனிப்பு. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டு பாட்டிலைத் தள்ளி வைத்துவிடுகிறோம். அந்தப் புளிப்பு ஒயினின் வயதால் வந்ததா, பழுதால் வந்ததா? ஒரு வருஷம் போனால் அடங்குமா, இன்னும் மோசமாகுமா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் புது ஒயினைப் புரிந்துகொள்வதில் பெரும்பகுதி முடிந்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒயினைப் பற்றிய பேச்செல்லாம் குளிர் நாடுகளில் உருவானது. அவர்கள் சொல்லும் பழங்களில் பாதியை நாம் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சி நம் மார்கழி விடியற்காலையில்தான் கிடைக்கும். நம் வெயிலுக்கும், நம் மூக்குக்குப் பழகிய வாசனைகளுக்கும், நம் சமையலுக்கும் ஏற்றபடி முறையை மாற்றிக்கொண்டால் எதுவும் கஷ்டமில்லை.

முதலிலேயே சொல்ல வேண்டியது: தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கச் சட்டம் இடம் தரவில்லை. கர்ப்பிணிகளும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுவைத்துப் பார்த்த நாளில் வண்டிச் சாவியைத் தொட வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு, அது வெகு சீக்கிரம் வந்துவிடும்.

## படி 1: லேபிளில் ஆண்டைப் படியுங்கள்

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டு, திராட்சை பறித்த ஆண்டு. அதை எந்த ஊரில் பறித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒயினின் உண்மையான வயது தெரியும். மகாராஷ்டிராவின் நாசிக், சோலாப்பூர் பக்கமும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கமும் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடையை முடிக்கிறார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிலியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஒரே ஆண்டை அச்சிட்ட நாசிக் பாட்டிலும் பிரெஞ்சு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நாசிக் ஒயின் ஏழெட்டு மாதம் மூத்தது.

புதிதாகக் கடைக்கு வந்த ஒயின் எல்லாம் இளம் ஒயின் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரான்சின் போஜொலே நூவோ, திராட்சை பறித்து இரண்டு மூன்று மாதத்தில், நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகமெங்கும் விற்பனைக்கு வருகிறது. அது பச்சைக் குழந்தை. இத்தாலியின் புருனெல்லோ தி மொந்தால்சினோவோ, அறுவடைக்குப் பிறகு வரும் ஐந்தாவது ஆண்டின் ஜனவரியில்தான் வெளிவர முடியும். 2020இல் பறித்தது 2025 ஜனவரியில் கடைக்கு வந்தது. ஸ்பெயினின் ரியோஹா க்ரியான்சா சிவப்பு குறைந்தது இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ஆண்டு போடாத ஷாம்பெயினுக்கே குறைந்தது 15 மாதம். நான்குமே "புது வரவு" அட்டையோடு ஒரே அலமாரியில் நிற்கலாம். போஜொலேவில் கிடைக்கும் துள்ளலை புருனெல்லோவில் தேடினால் ஏமாற்றம்தான்.

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் இந்திய ஒயின்களுக்கு என் கணக்கு எளிது. செனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ரகங்கள், வெளிர் சிவப்பான ரோஸே ஆகியவற்றில் கிடைப்பதிலேயே புது ஆண்டை எடுங்கள். பீப்பாயில் வைத்த ஷிராஸ், கேபர்நே போன்ற சிவப்புகள் இரண்டு மூன்று ஆண்டு முந்தியவையாக இருந்தாலும் பரவாயில்லை, பல நேரம் அதுவே நல்லது. ஆண்டே போடாத வெள்ளை ஒயினும் தூசி படிந்த பாட்டிலும் வேண்டாம்.

## படி 2: சூட்டைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" பரிமாறச் சொல்வார்கள். அந்த அறை பழைய ஐரோப்பியக் கல்வீடு, உள்ளே 16 முதல் 18 டிகிரி. ஏப்ரல் மாதக் கரூரிலும் ஈரோட்டிலும் மத்தியானம் வெளியே 38, 40 அடிக்கிறது. மின்விசிறி ஓடும் கூடத்திலேயே 32க்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழம் பாகாகத் தெரியும், நல்ல ஒயின்கூடத் தொண்டையை எரிக்கும். இப்படிக் குடித்துவிட்டு "காட்டமா இருக்குது" என்று ஒதுக்கிய பாட்டில்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

ஆகவே சிவப்பையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கனமான சிவப்பு நம் கோடையில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரை; 16-18 டிகிரிக்கு இறங்கினால் போதும். மெலிந்த சிவப்பு 12-14. வெள்ளையும் ரோஸேவும் 8-12, நுரை ஒயின் 6-8. வெள்ளையை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன் எடுத்து வெளியே வையுங்கள். அளவு மீறிய குளிரும் கெடுதல்: மணம் அடைந்துபோகும், துவர்ப்பு கூடித் தெரியும், பழுதுகூட மறைந்துகொள்ளும். ஐஸ் கட்டியைக் கோப்பையில் போடாதீர்கள். ஒரு பக்கெட்டில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு போட்டுப் பாட்டிலை இறக்கினால் வெள்ளை ஒயின் கால் மணியில் தயார். சமையலறையில் பாலுக்கு வைத்திருக்கும் வெப்பமானி இருந்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு பாட்டிலைத் தொட்டாலே கைக்குத் தெரியும்.

வாங்கும் இடத்திலிருந்தே சூடு தொடங்குகிறது. கார்க் மூடியிருந்தால் விளிம்பை விரலால் தடவுங்கள். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, ஓரத்தில் பிசுபிசுவென்று கசிந்து காய்ந்திருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ லாரியிலோ கிடங்கிலோ வெந்திருக்கிறது. கண்ணாடி ஓரம் வெயில் படும் தட்டில் இருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். டாஸ்மாக் எலைட் கடைகளில் "புதுப் பெட்டி வந்திருக்குதுங்களா?" என்று கேட்டு அதிலிருந்து எடுத்துத் தரச் சொல்வதில் தப்பே இல்லை. அவிநாசி சாலையில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஒயினைக் கடைசியாக வாங்குங்கள். வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் சட்ட வரம்பை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பரணும் பீரோ மேல்தட்டும் ஒயினுக்கு ஆகாத இடங்கள். தனிக் குளிர்பெட்டி இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைப்பதே மேல். தூரத்திலிருந்து குலுங்கி வந்த பாட்டிலையும், அண்மையில் அடைத்ததாகத் தெரியும் பாட்டிலையும் ஒரு வாரமாவது அசையாமல் வைத்துவிட்டுத் திறங்கள். அடைத்த புதிதில் மணம் அடங்கிக் கிடக்கும்.

## படி 3: திராட்சையிலேயே பாடம் படியுங்கள்

தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ரகம். உலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படுவது. உண்பதற்கென்று வளர்க்கும் பழம்தான், ஆனாலும் ஒயினைப் படிக்க இதைவிட மலிவான பாடம் கிடையாது.

ஒரு கொத்து வாங்கி வந்து ஒரு பழத்தைப் பிதுக்குங்கள். சதையை மட்டும் நாக்கில் வையுங்கள்: இனிப்பும், பின்னாலேயே புளிப்பும், கூடவே ரோஜா மணமும். கொட்டையை ஒட்டிய சதையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். இப்போது வெறும் தோலை மென்று பாருங்கள். இனிப்பு போனதும் ஈறும் உதட்டின் உட்பக்கமும் பிடித்து இழுக்கும். கடைசியாகக் கொட்டையைப் பல்லால் உடையுங்கள். கசப்பும் முரட்டுத் துவர்ப்பும் சேர்ந்து வரும். தோட்டக்காரர் ஒருவர் கொட்டையைக் கடித்துக்காட்டி, "உள்ள பச்சையா இருந்தா இன்னும் ஆகலீங்க, பழுப்பா வரோணும்" என்றார். ஒயினுக்குத் திராட்சை வளர்ப்பவர்களும் பறிக்கும் நாளைக் குறிக்க இந்தக் கொட்டையைத்தான் உடைத்துப் பார்க்கிறார்கள்.

வெள்ளை ஒயினில் சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். ஆகவே துவர்ப்பு அநேகமாக இருக்காது. சிவப்பில் தோலும் கொட்டையும் சாற்றோடு ஊறுகின்றன. நிறமும் துவர்ப்பும் அதனால் வருகின்றன. ரோஸேவில் தோல் சில மணி நேரம் மட்டும். சிவப்பு ஒயின் வாயைப் பிடிக்கும்போது அது தோலின் துவர்ப்பா, பச்சைக் கொட்டையின் கசப்பா என்று இந்தப் பயிற்சிக்குப் பிறகு உங்களுக்கே பிரித்துச் சொல்ல வரும். தோலின் துவர்ப்பு காலம் போகப் போக மெத்தென்று ஆகும். பச்சைக் கொட்டையின் கசப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

புளிப்புக்கும் ஒரு பாடம் உண்டு. திராட்சையில் இருக்கும் முக்கிய அமிலம் டார்டாரிக்; நம் புளியில் இருப்பதும் அதுவே. அடுத்தது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பு. பெரும்பாலான சிவப்புகளிலும் சில வெள்ளைகளிலும் ஒரு பாக்டீரியா இந்த மாலிக்கைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, கூர் மழுங்குகிறது. கரைத்த புளித் தண்ணீர், பச்சை ஆப்பிள், புளிக்காத தயிர் மூன்றையும் ஒரு நாள் அடுத்தடுத்துச் சுவைத்துப் பார்த்தால் "புளிக்குது" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று இருப்பது தெரியும்.

## படி 4: நேரம், இடம், கோப்பை

சாப்பாட்டுக்கு முன், காலை பதினொரு மணி வாக்கில் நாக்கு கூர்மையாக இருக்கும். காபி, வெற்றிலை, பல் துலக்கியது எதுவானாலும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, தாளிக்கும் வாசனை எல்லாம் ஒயினை மூடிவிடும். பூஜையறையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளி, வெளிச்சமுள்ள இடமாகப் பாருங்கள்.

வாய் குறுகி வயிறு அகன்ற, காம்புள்ள கண்ணாடிக் கோப்பை போதும். ஊற்றும் அளவு 50 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் மணம் திரளும். கோப்பையைச் சோப்பு வாசம் போகக் கழுவி, சுவைக்கப்போகும் ஒயினில் ஒரு சொட்டு விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் ஒயின் ஊற்றவே கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும். துப்ப ஒரு சொம்போ கிண்ணமோ எவர்சில்வரில் வைத்துக்கொள்ளுங்கள். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. ஆறு ஒயின் சுவைக்கும் நாளில் துப்பாவிட்டால் நான்காவதிலிருந்து எழுதும் குறிப்பு எதற்கும் ஆகாது.

## படி 5: கண்ணால் பாருங்கள்

வெள்ளைத் தாள் மேல் கோப்பையைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் வெள்ளை வெளிர் மஞ்சளில் பச்சை ஓடித் தெரியும். இளம் சிவப்பு ஒயினின் ஓரம் நாவல்பழ ஊதா. வயது ஏற ஏற வெள்ளை பொன்னாகக் கருக்கும், சிவப்பு செங்கல் நிறமாக வெளிறும். ஒரு வருஷம்கூட ஆகாத வெள்ளை பழுப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அடியில் கற்கண்டுத் துகள் போலக் கிடப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படியும், கெடுதல் இல்லை. சுழற்றியதும் கண்ணாடியில் இறங்கும் கோடுகள் தரத்தைக் காட்டுபவை அல்ல. ஆல்கஹாலோ சர்க்கரையோ கூடுதல் என்பதை மட்டும் சொல்கின்றன.

## படி 6: மூக்கு, அதுவும் நம் ஊர் மூக்கு

முதலில் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். மெலிதான மணங்களும் பழுதுகளும் அப்போதுதான் முந்தி வரும். பிறகு மேசை மேலேயே கோப்பையைச் சுழற்றி, இரண்டு மூன்று சிறு மூச்சாக இழுங்கள். நீண்ட மூச்சு இழுத்தால் மூக்கு மரத்துப் போகும். மரத்துவிட்டால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பாட்டிலின் பின்பக்கத்தில் பிளாக்பெர்ரி, கூஸ்பெர்ரி, எல்டர்பூ என்று எழுதியிருக்கும். நாம் முகர்ந்திராத பொருளை ஒயினில் எப்படித் தேடுவது? தேட வேண்டியதில்லை. மணத்துக்குக் காரணமான மூலக்கூறுகள் நம் ஊர்ப் பொருள்களிலும் இருக்கின்றன, பல நேரம் இன்னும் வலுவாகவே.

சோவின்யோன் பிளாங்க் ஒயினை முகர்ந்ததும் எனக்கு வருவது பழனி அருகே ஆயக்குடிச் சந்தையின் கொய்யாக் குவியல், கொஞ்சம் பப்ளிமாஸ் தோல். தையோல் என்ற கந்தகச் சேர்மங்கள் இதற்குக் காரணம். கேபர்நே சோவின்யோனில் வெட்டிய குடைமிளகாய் வந்தால் அது பைரசீன் என்ற மணப்பொருள். பழம் முழுதாகப் பழுக்காமல் பறித்தால் தூக்கலாக நிற்கும். மஸ்கட்டில் பன்னீர் திராட்சையின் ரோஜாவும் அரைத்த கொத்தமல்லி விதையும் வரும். இரண்டிலும் லினலூல் என்ற மணப்பொருள் உண்டு.

ஷிராஸில் கொல்லிமலை மிளகைத் தேடுங்கள், கிடைக்கும். மிளகுக்குக் காரமான மணம் தரும் ரோடன்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டு சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது என்பதும் அவர்கள் கண்டதுதான். ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்குத் தெரியாவிட்டால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள்.

பழத்திலிருந்து வருபவை இவை. அடுத்தது ஒயின் ஆக்கும் முறையிலிருந்து வருபவை. புத்தம்புது போஜொலேவில் பழுத்த வாழைத்தார் மணக்கும். கொத்துகளை நசுக்காமல் கரியமில வாயுவில் நொதிக்கவிடும் முறையும் ஈஸ்ட்டும் அதற்குக் காரணம். சில மாதத்தில் அந்த வாழைப்பழ மணம் மறைந்துவிடும். ஷார்டனே என்ற வெள்ளை ஒயினில் வெண்ணெய் மணம் வந்தால் மாலிக் லாக்டிக்காக மாறியபோது டயாசிட்டைல் என்ற மணப்பொருள் பிறந்திருக்கிறது. ஊத்துக்குளி வெண்ணெயைப் பொட்டலம் பிரித்ததும் வரும் அந்த முதல் வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.

ஓக் பீப்பாயின் மணத்துக்குக் காங்கேயத்துக்குப் போக வேண்டும். கொப்பரைக் களத்தில் வெயில் ஏறிய பிறகு நின்றால், காய்ந்த தேங்காயின் இனித்த எண்ணெய் மணம் சட்டையில்கூட ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற மணப்பொருள் அதிகம். அந்த மரத்தில் வைத்த ஒயினில் இந்தக் கொப்பரை மணம் தெளிவாகத் தெரியும். பிரெஞ்சு ஓக்கில் தேங்காய் குறைந்து கிராம்பும் வனிலாவும் முன்னால் வரும். புதிதாக வெளிவந்த சிவப்பில் பழத்தை அமுக்கிக்கொண்டு கொப்பரையும் கிராம்புமே நிற்குமானால், அது இன்னும் சேரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பழமும் அடியில் தெம்பாக இருந்தால் ஓராண்டு இரண்டாண்டில் சேர்ந்துவிடும். பழம் மெலிந்து மரம் மட்டும் தடித்திருந்தால் எத்தனை ஆண்டு போனாலும் மரம்தான்.

உலர்திராட்சை, புகையிலை, காய்ந்த இலை, ஈர மண், தோல் செருப்பு போன்றவை வயதால் வருபவை. இவற்றைப் புருனெல்லோ, ரியோஹா போன்ற தாமதமாக வெளிவரும் ஒயின்களில் எதிர்பாருங்கள். ஆறு மாத செனினில் வந்தால் ஏதோ சரியில்லை.

## படி 7: வாயில் நான்கு அளவு

சிறு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, வாய் முழுக்க உருட்டுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளியில் படித்த வரைபடம் தவறு. எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். மணம் ஒரு பக்கம் இருக்க, இங்கே நான்கை மட்டும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.

இனிப்பு: லிட்டருக்கு 4 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை மிஞ்சியிருந்தால் அது இனிப்பில்லாத ஒயின். கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் சர்க்கரையும் பட்டையும் போட்டு ஊறவைக்கும் ஒயினில் வளர்ந்த நாக்குக்கு இது வெறுமையாகத் தெரியும். இரண்டு மூன்று வாய் பழகக் கொடுங்கள். பழ மணத்தை இனிப்பு என்று நினைத்து ஏமாறுவதும் சகஜம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் சுவைத்தால் உண்மையான இனிப்பு மட்டும் மிஞ்சும்.

புளிப்பு: விழுங்கியோ துப்பியோ முடித்ததும் தலையைக் குனிந்து வாயைக் கவனியுங்கள். எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ புளிப்பு அவ்வளவு. இளம் வெள்ளைக்கு இது முதுகெலும்பு. நாசிக் போன்ற வெப்பமான இடங்களில் பழம் பழுக்கப் பழுக்க அமிலம் இறங்குவதால், சீக்கிரம் பறிப்பதும் உண்டு, தேவைப்பட்டால் அமிலம் சேர்ப்பதும் உண்டு.

துவர்ப்பு: திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழுவழுப்பு போய் வாய் உலர்கிறது. குன்னூர் டீயைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பால், சர்க்கரை இல்லாமல் குடித்தால் அளவு தெரியும். எவ்வளவு என்பதோடு எப்படி என்பதையும் பாருங்கள்: ஈறில் மெல்லிய மாவாகப் படிகிறதா, உப்புத்தாளாக உரசுகிறதா?

ஆல்கஹால்: தொண்டையில் சூடு. நூற்றுக்கு 12 இருந்தால் மெலிது, 14க்கு மேல் போனால் தெரியும். சரியாகக் குளிர்த்த பிறகும் எரிந்தால் ஒயினில் சமநிலை இல்லை.

இவை எல்லாம் சேர்ந்து வாயில் தரும் கனத்தை நீர்மோர், கெட்டி மோர், தயிர் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது எனக்கு வசதி. கடைசியாக, விழுங்கிய பிறகு பழ மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குள் போனால் சாதாரணம். பதினைந்தைத் தாண்டினால் அந்தப் பாட்டிலின் பெயரை எழுதி வையுங்கள்.

## படி 8: இளமையா, பழுதா

நாக்கில் லேசான சுருக்கு, ஓரிரு குமிழி: இளம் வெள்ளையில் நொதிக்கும்போது மிஞ்சிய கரியமில வாயு. இளமைதான், சுழற்றினால் போய்விடும். ஆனால் ஒயின் கலங்கி, நுரைத்து, ஈஸ்ட் வாடையும் அடித்தால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்திருக்கிறது, பழுது.

தீக்குச்சி உரசிய வாசனை, கூமுட்டை வாசனை: காற்றுப் படாமல் அடைபட்டதால் கந்தகச் சேர்மங்கள் தங்கியிருக்கின்றன. திருகு மூடி போட்ட புது ஒயின்களில் அடிக்கடி வரும். வேறு ஜாடிக்கு மாற்றி நன்றாக ஆற்றுங்கள். போகவில்லையென்றால் ஒரு வாய் ஒயினைத் தனியே எடுத்து, துலக்கிய செம்புக் கம்பியை ஒரு நிமிடம் முக்கி மறுபடி முகருங்கள். வாடை மறைந்துவிட்டால் காரணம் உறுதி. சோதித்த அந்த ஒயினைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி: திருப்பூரில் ஏற்றுமதி பெட்டிகள் நனைந்து கிடந்து அடிக்கும் அதே வாடை ஒயினில் வந்தால் அது கார்க் பழுது. டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் காரணம். பழ மணத்தை அமுக்கிவிடும். ஆற்றினாலும் வைத்திருந்தாலும் சரியாகாது. உணவகத்தில் என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

காடி வாடை, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை: பாக்டீரியா புகுந்துவிட்டது. கோடு மாதிரி லேசாக இருந்தால் சில சிவப்புகளில் பொறுத்துக்கொள்ளலாம், மூக்கில் குத்தினால் வேண்டாம். கட்டுத்தரை வாடை, புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி வாடை இரண்டும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. கொஞ்சம் இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை, புதிதாக வெளிவந்த ஒயினில் அது இருப்பதைக் குறையாகவே எண்ணுகிறேன்.

வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள், வெந்தயம்: இளம் வெள்ளையில் இவை வந்தால் காற்றுப் புகுந்து முன்கூட்டியே கிழடு தட்டிவிட்டது. வெந்தயத்தின் மணமும் இந்த மணமும் சோடலான் என்ற ஒரே பொருள்தான். கொதித்த பழப்பாகு வாடையும் தட்டையான சுவையும் சேர்ந்தால் வெயிலில் வெந்த பாட்டில்.

இளமையின் குறிகள் வேறு: புளிப்பு தனியே துருத்துவது, துவர்ப்பு உரசுவது, மரம் முன்னால் நிற்பது, மணம் மூடிக் கிடப்பது. இவற்றில் எதுவும் நாற்றம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

## படி 9: சாப்பாட்டோடு

மிளகாய்க் காரம் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் முறுக்கிவிடும். பள்ளிபாளையம் சிக்கனோடு நூற்றுக்கு 14 ஆல்கஹால் உள்ள இளம் கேபர்நே வைத்தால் இரண்டும் கெடும். அதற்கு லேசான இனிப்புள்ள செனின், அல்லது நன்கு குளிர்ந்த ரோஸே. வரமிளகாயோடு வதங்கிய தேங்காய்ச் சில்லுக்கு ரோஸே அருமையாகப் போகும். நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதத்துக்குப் புளிப்பு தூக்கலான சோவின்யோன் பிளாங்க். மிளகு சேர்த்த நாட்டுக்கோழி வறுவலுக்கு ஷிராஸ், ஆட்டுக்கறி என்றால் இன்னும் பொருத்தம். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மெத்தென்று ஆக்கிவிடும். ஒப்பிட்டுக்கு, தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின் மட்டுமே, இனிப்பில்லாதது எதை வைத்தாலும் புளித்த தண்ணீராகத் தெரியும். புளிக்குழம்பின் பக்கம் எதையும் கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம்.

ஆனால் மதிப்பிடும் வேலையைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

## படி 10: எழுதி வையுங்கள், மறுநாள் திரும்பச் சுவையுங்கள்

நீளமான வர்ணனை வேண்டாம். என் நோட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்: "நாசிக் செனின், இந்த வருஷ அறுவடை, 10 டிகிரி. வெளிர் மஞ்சள். கொய்யா, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பச்சைப் புல். இனிப்பு மிகக் கொஞ்சம், எச்சில் நன்றாக ஊறுகிறது, நீர்மோர் கனம், எட்டு நொடி. சுருக்கு இருந்தது, பத்து நிமிடத்தில் போனது. இளமை. பழுதில்லை. ஆறு மாதத்துக்குள் குடிக்க."

இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு வையுங்கள். விலையும் பெயரும் தெரிந்துவிட்டால் நாக்கு அதற்குத் தலையாட்டும். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ரகத்தை இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பதுபோல வேறெதுவும் வயதைக் கற்றுத் தராது.

பாட்டிலில் பாதியை மிச்சம் வைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதே நேரம், அதே குளிர்ச்சியில் இன்னொரு 50 மில்லி. முதல் நாள் மூடிக் கிடந்த மணம் விரிந்து, துவர்ப்பு ஒரு படி இறங்கியிருந்தால் அந்த ஒயினுக்கு வைத்திருக்கும் தெம்பு உண்டு; இன்னொரு பாட்டில் வாங்கி ஓராண்டு கழித்துத் திறக்கலாம். பழம் தேய்ந்து காடிப் பக்கம் சாய்ந்திருந்தால், மற்றொன்று கையில் இருக்குமானால் இந்த மாதமே குடித்து முடித்துவிடுங்கள். மூன்றாம் நாளும் மிஞ்சியிருப்பது ஆட்டுக்கறி ஊறவைக்க ஆகும்.